பாக்டீரியாவுக்குள் நான் கண்ட கயிறு

அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. தோட்டத்தைப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரைப் பார்த்து, நாமக்கல் பக்கமென்றால் லாரிக்கு அடித்திருக்கும் பெயின்டைப் பார்த்துக்கூடப் பொறாமைப்படுவார்கள். அடுத்தவருடைய பாக்டீரியாவைப் பார்த்து வயிறெரிந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அந்த எரிச்சலில் ஜவ்வரிசிக் கூழைப் பெரிய கண்டுபிடிப்பென்று நம்பி, பல்கலைக்கழகக் கமிஷனுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கவும் பார்த்தேன்.

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். "உங்க சாதனைகளைப் பத்தி எழுதுங்க சார்" என்று பிரியமாகத்தான் கேட்டார்கள். சாதனைகள் ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும், விலாசத்துக்கும் இடம் மிஞ்சும். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு இனி மானம் போனால் இன்கிரிமென்ட் போகாது என்பதால், இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சேலம்–நாமக்கல் ரோட்டில் புதுச்சத்திரம் தாண்டி நம் கல்லூரி. சுற்றிலும் குச்சிக்கிழங்குக் காடு, கூப்பிடு தூரத்தில் அந்த மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் ஒரு சேகோ ஆலை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வகுப்பே புளிக்கும். அந்தப் புளிப்பில் நின்றுகொண்டுதான் நான் பாக்டீரியா பாடம் நடத்தினேன், அதில் எனக்கொரு புகழும் இருந்தது. மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'ரெண்டு கை வாத்தியார்'.

காரணம் இதுதான். நம் உடம்புச் செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போக நூல்கள் இருக்கின்றன. பாக்டீரியாவுக்கு அந்த வசதி கிடையாது. வளையமாக ஒரே ஒரு குரோமோசோம். அதற்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறது, அப்புறம் நடுவில் சுவர் எழுப்பி, பக்கத்துக்கு ஒன்றென்று பிழையில்லாமல் பாகம் பிரித்துவிடுகிறது. இழுக்க ஆளில்லாமல் இரண்டும் எப்படி விலகின? அன்றைய புத்தகங்கள் சொன்ன பதில்: குரோமோசோம் செல்லின் உட்தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரதியும் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்கிறது, ஒட்டிய இரண்டு இடங்களுக்கும் நடுவே தோல் வளர வளர இரண்டும் தானாகத் தள்ளிப்போகின்றன. "ஒட்டி ஒட்டி ஊடு கட்டின அண்ணன் தம்பி. நடுவுல நிலம் வளந்துட்டே போனா என்ன ஆகும்? அதுமாதிரி" என்பேன். "நிலம் வளராதுங்க சார், தகராறுதான் வளரும்" என்று பின்பெஞ்சிலிருந்து வருஷம் தவறாமல் ஒரு குரல் வரும். ஆள்தான் மாறும்.

இதைப் போர்டில் வரையும்போது இரண்டு கையிலும் சாக்பீஸ் எடுப்பேன். இரண்டு கையும் ஒன்றாகப் புறப்பட்டு, ஒரே நேரத்தில் இடமும் வலமும் விலகி, இரண்டு குரோமோசோம்களையும் சுற்றி, கடைசியில் நடுவில் சந்தித்துச் சுவரை எழுப்பும். கைதட்டுவார்கள். பக்கத்து வகுப்பு வரலாற்றுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். அவருக்குப் பொறாமை என்று எனக்கொரு திருப்தி.

அப்போதுதான் சாந்தாமணி வந்து சேர்ந்தார்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். தற்காலிகப் பணியிடம். என்னைவிடப் பல வருஷம் சின்னவர், ஆனால் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு நடக்கிற சுபாவம் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் சீனியரின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனிக்கவேண்டும் என்பது அன்றைய வழக்கம். என் இரண்டு கை நாடகத்தை முழுசாகப் பார்த்தார். கை தட்டவும் செய்தார். வெளியே வந்ததும் கேட்டார்.

"ரொம்ப அழகா வரையறீங்க சார். நேர்ல பாக்கறதுக்கும் இப்படியேதான் இருக்குமுங்களா?"

"நேர்ல எங்க அம்மணி பாக்கறது? அதுக்கெல்லாம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பு வேணும். அது சீமையில இருக்குது."

"பெரிய ஜாதி பாக்டீரியாவா எடுத்து, மொதல்ல சுடு ஆசிட்டுல அலசிட்டுச் சாயம் போட்டா, நம்ம மைக்ராஸ்கோப்புலயே உள்ள இருக்கறது தெரியுமுங்களே. ஏனுங்க சார், நீங்க பாத்ததே இல்லீங்களா?"

அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. கொங்குக்காரர்களிடம் இதுதான் தொல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டுவிடுவதால் எந்த வார்த்தையால் அடித்தார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பாடம் நடத்தி எத்தனையோ வருஷமாகியும், நடத்தியதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஒரு வாரத்துக்குள் அவர் லேபில் ஸ்லைடு தயாராகிவிட்டது. மாணவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். சேகோ ஆலை ஓடையிலிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியா என்பதால் ஊர்ப்பற்று வேறு. "எங்க காட்டு ஓடைதாங்க" என்று ஒருவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அடுத்த வகுப்பில் நான் இரண்டு கையையும் தூக்கியபோது முன்வரிசையில் ஒரு பெண், "சார், ரெண்டில்லீங்க, மேடம் ஸ்லைடுல ஒரே செல்லுக்குள்ள நாலு இருந்துச்சு" என்றாள். எனக்கு இருப்பதோ இரண்டு கை.

போய்ப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. "கண்ணாடி மாத்தணும், கண்ணு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு அந்த லேப் பக்கமே தலைகாட்டாமல் திரிந்தேன். அட்டெண்டர் சின்னுசாமி விடுவதாக இல்லை. "அட, ஒருக்கா குனிஞ்சு பாத்துட்டு வாங்க சாமி. கடிக்காது" என்றார். கடைசியில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் திருடனைப்போல உள்ளே போய்க் குனிந்தேன்.

இளம் ரோஜா நிறத்தில் நீள நீளக் குச்சிகள். ஒவ்வொரு குச்சிக்குள்ளும் அடர் ஊதாவில் திரட்சிகள். சிலதில் ஒன்று. சிலதில் இரண்டு, அப்போதுதான் பிரிந்தவைபோல நெருங்கி. சிலதில் இரண்டும் தள்ளித் தள்ளி, நடுவில் வெறும் இடம். அந்தப் பெண் சொன்ன நாலும் இருந்தது. வேகமாக வளரும்போது பாக்டீரியா ஒரு பிரதி முடியுமுன்பே அடுத்த பிரதியைத் தொடங்கிவிடும், மகளுக்குக் கல்யாணம் பேசி முடிக்குமுன்பே பேத்திக்குத் தொட்டில் வாங்குகிற மாதிரி. இதெல்லாம் படித்ததுதான். ஆனால் படித்த எதிலும் அந்த ஊதா இல்லை. என் சாக்பீஸ் குரோமோசோம்கள் போர்டில் கிடந்த ஆமைவடைகளாகத் தோன்றின. நல்லதொன்றைப் பார்த்த சந்தோஷம் எனக்கும் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கண்ணை எடுத்து நிமிர்வதற்குள் போய்விட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது, 'இது என் கையால் ஏன் வரவில்லை?'

நானும் செய்வதென்று முடிவுசெய்தேன்.

பாக்டீரியா வளர்க்க அகர் வேண்டும். கடற்பாசியிலிருந்து எடுக்கிற அந்தத் தூளைக் கரைத்துக் காய்ச்சி ஆறவிட்டால் ஜெல்லிபோலக் கட்டிப்படும், அதன்மேல் பாக்டீரியா வளரும். விலை அதிகம். துறையில் ஒரே டப்பா, அது சாந்தாமணியின் அலமாரியில். "அம்மணி, கொஞ்சம் அகர் கொடுங்க" என்று கேட்டிருந்தால் டப்பாவையே எடுத்து நீட்டியிருப்பார். அப்படி நீட்டுவார் என்பதுதான் பிரச்சினை. பொறாமைக்காரனுக்குக் கடன் கேட்பதைவிட இருப்பதை வைத்துச் சமாளிப்பது கௌரவமாகத் தெரியும். இந்த ஜில்லாவில் காய்ச்சினால் கட்டிப்படுவது வேறென்ன இருக்கிறது? ஜவ்வரிசி.

ஜவ்வரிசி வாங்கிவந்து லேபிலேயே காய்ச்சினேன். சின்னுசாமி எட்டிப் பார்த்து, "முந்திரி போடலீங்களா சாமி?" என்றார். அன்று முதல் மாணவர்களுக்கு நான் 'பாயச சார்'. ரெண்டு கை வாத்தியார் என்ற பட்டம் காலாவதியாயிற்று.

கட்டி என்னவோ நன்றாகத்தான் பட்டது. பாக்டீரியாவும் வளர்ந்தது. ஆனால் சேகோ ஆலை ஓடையில் பிறந்து வளர்ந்த பாக்டீரியாவுக்கு மாவு என்றால் விருந்தல்லவா? உட்கார்ந்த பலகையையே தின்ன ஆரம்பித்தது. அது தின்ற இடமெல்லாம் கொழகொழவென்று கூழாயிற்று. அந்தக் கூழிலிருந்துதான் பாக்டீரியாவை வழித்தெடுத்து ஸ்லைடில் தேய்த்தேன். அவர் செய்ததாகக் கேள்விப்பட்டபடியே ஆசிட்டில் அலசிச் சாயம் போட்டேன். ஊதாத் திரட்சிகள் தெரிந்தன. அவருடையதைப்போலத் துலக்கமாக இல்லை, ஆனால் தெரிந்தன.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். ஒரு செல்லுக்குள் இரண்டு திரட்சிகள், இரண்டுக்கும் நடுவே மெல்லிசாக ஒரு நூல்.

பக்கத்துச் செல்லிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பாக்டீரியாவுக்குள் இழுக்கிற நூல் கிடையாது என்று உலகம் முழுக்கப் புத்தகம் எழுதி வைத்திருக்கிறது. இதோ புதுச்சத்திரத்துப் பக்கத்தில் நூல், நூலென்ன, கயிறு! தோல் வளர்ந்து தள்ளுவதாவது? கயிறு கட்டியல்லவா இழுக்கிறது! சாந்தாமணியின் ஸ்லைடில் இது இல்லை. அவர் கண்ணுக்கு இது தப்பிவிட்டது. உண்மையைச் சொன்னால், கயிறு இருந்ததில் வந்த சந்தோஷம் பாதிதான். அவரிடம் இல்லாததில் வந்தது மீதிப் பாதி.

இளையவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் கயிறுகளில் சில, செல்லைவிட்டு வெளியேயும் போயின. ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்குக் கொடிக்கம்பிபோல ஓடின. செல்லே இல்லாத வெட்டவெளியிலும் இரண்டொன்று கிடந்தன. நான் அவற்றைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். பார்த்தவுடன் ஸ்லைடை நகர்த்திவிட்டேன். 'இங்கே சரியாக விழவில்லை' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, சரியாக விழுந்த இடத்துக்குப் போனேன். யாரையும் ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே வரவில்லை. நல்ல இடம் தேடுகிறோம் என்றுதான் நினைப்பு. பொய் சொல்வதற்குக்கூடக் கொஞ்சம் தைரியம் வேண்டும். இதற்கு ஒரு விரல் போதும், திருகைத் திருப்ப.

அந்தச் சமயத்தில்தான் கமிஷன் வந்தது.

துறையில் எம்.எஸ்சி. தொடங்க அனுமதி கேட்டிருந்தோம். கிடைத்தால் துறை வளரும். அதைவிட முக்கியம், சாந்தாமணியின் வேலை நிரந்தரமாகும். கிடைக்காவிட்டால் அந்த வருஷத்தோடு அவர் மூட்டை கட்டவேண்டியதுதான். இது துறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எங்கள் துறைத் தலைவர் நல்ல மனிதர், பயந்த சுபாவம். திரைச்சீலைகளில் அபார நம்பிக்கை உள்ளவர். கமிஷன் வருகிறதென்றால் முதலில் ஜன்னலுக்கெல்லாம் திரை தைக்கச் சொல்வார். அந்தக் காலத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு கல்லூரிக்குக் கமிஷன் வந்தால் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து சாமான்கள் இரவல் வரும். மாணவன் ஒருவனின் அப்பா லாரி வைத்திருப்பார், எலும்புக்கூடு முதல் தராசு வரை அதில் ஏறி வரும், கமிஷன் போனதும் அடுத்த கல்லூரிக்குப் போகும். கமிஷன்காரர்களே அந்த எலும்புக்கூட்டைப் பார்த்து, "என்ன, இங்கேயும் வந்துட்டீங்களா?" என்று விசாரிக்காத குறை. எங்களுக்கும் ஒரு மைக்ராஸ்கோப் அப்படி வந்து இறங்கியது. பெட்டியைத் திறந்தால் லென்சு முழுக்கப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஆக, பாக்டீரியா பார்க்கிற மாதிரி துறையில் இருந்தது பழையபடி ஒன்றுதான். அதில் ஒரு ஸ்லைடுதான் வைக்கலாம்.

"சாந்தாமணி ஸ்லைடே இருக்கட்டுமே சார்" என்றார் தலைவர்.

"அது புத்தகத்துல இருக்கறது சார். என்கிட்ட இருக்கறது புத்தகத்துலயே இல்லாதது" என்றேன்.

"புத்தகத்துல இல்லாததைக் கமிஷனுக்குக் காட்டலாமா?"

நியாயமான கேள்வி. அதற்கு என் பதில், "நான் சீனியர் சார்." தலைவர் திரைச்சீலையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

கமிஷன் வந்த அன்று காலை என் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து, நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தி, மேலே துணி போர்த்தி வைத்திருந்தேன். சாந்தாமணி வந்து, "பாக்கலாமுங்களா சார்?" என்றார். பெருந்தன்மையாகத் துணியை எடுத்தேன். குனிந்தார். அவர் கை திருகின்மேல் போயிற்று. நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார்.

"சார், இந்த நூலு செல்லுக்கு வெளியேயும் போகுதுங்களே."

"அது சாயம் சரியா விழாத எடம்."

"எதுமேல வளத்தீங்க?"

வாசலில் நின்றிருந்த சின்னுசாமி சொன்னார்: "ஜவ்வரிசிங்க அம்மணி. முந்திரி மட்டுந்தான் பாக்கி."

சாந்தாமணி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "ஒரு சொட்டு அயோடின் போட்டுப் பாத்துருங்க சார். கமிஷன்ல வர்ற பேராசிரியர்கிட்ட நான் படிச்சிருக்கேனுங்க. வெச்ச எடத்துலயே பாத்துட்டுப் போற ஆளில்லைங்க அவரு. நகத்தி நகத்திப் பாப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அப்போது கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. வந்தது வேறு. 'அம்மணிக்குப் பொறாமை!' அத்தனை காலமும் நான் சுமந்து திரிந்ததை இப்போது அவர் சுமக்கிறார். என்னைப் பார்த்து ஒருத்தர் பொறாமைப்படுகிறார்! காலைச் சிற்றுண்டிக்கு வந்த கேசரியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வரலாற்றுக்காரரைக்கூடப் பார்த்துப் புன்னகைத்தேன்.

கமிஷன் பௌதிகத் துறைக்குள் நுழைந்துவிட்டதென்று ஆள் வந்து சொன்னான். அடுத்தது நாங்கள். லேபில் தனியாக நின்றேன். அப்போது ஒரு யோசனை. அயோடினும் போட்டுவிட்டால் என்ன? ஒன்றும் ஆகாது. கமிஷன் போனபிறகு, "போட்டுப் பார்த்தேன் அம்மணி, நூல் நூலாகத்தான் இருக்கிறது" என்று சொல்லலாம். அந்த முகத்தைப் பார்க்கலாம். இப்படித்தான், உண்மையைத் தெரிந்துகொள்ளும் ஆசை கொஞ்சமும் இல்லாமல், நான் தயாரித்திருந்த இன்னொரு ஸ்லைடை எடுத்து, ஒரு சொட்டு விட்டு, லென்சுக்குக் கீழே வைத்தேன்.

கயிறெல்லாம் நீலமாயிற்று.

மாவில் அயோடின் பட்டால் நீலமாகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். செல்லுக்கு வெளியே கிடந்தது, செல்லின் மேலே கிடந்தது, ஒரு செல்லிலிருந்து மறு செல்லுக்குப் போனது எல்லாம் நீலம், அங்கங்கே பாக்டீரியா தின்று மிச்சம் வைத்த இடத்தில் ஊதா. நான் உலகத்துக்குக் காட்ட இருந்த கயிறு, தேய்க்கும்போது இழுபட்ட ஜவ்வரிசிக் கூழ். செல்லுக்குள் அது இருந்ததே இல்லை. மேலே கிடந்ததை உள்ளே இருப்பதாக நினைத்தது நான்தான்.

வராந்தாவில் தலைவரின் குரல் கேட்டது. கமிஷனை வழியில் நிறுத்தித் தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு வேலையில் இப்படி ஒரு வேளை வரும். அப்போது மனசு எத்தனை வேகமாக ஓடும் என்று சொல்கிறேன். மைக்ராஸ்கோப் பழுதென்று சொல்லலாமா என்று நினைத்தேன். நல்ல இடத்தில் நிறுத்திவிட்டுத் திருகை இறுக்கிவிடலாமா என்று பார்த்தேன். எனக்கு மயக்கம் வந்தால் எப்படி என்றும் யோசித்தேன், கேசரி இரண்டு தரம் சாப்பிட்டதற்கு நம்புவார்கள். இன்னொன்றும் ஓடியது, அதையும் மறைக்கவில்லை. இந்தக் கூழோடு எம்.எஸ்சி. போனால் சாந்தாமணியும் போய்விடுவார். அந்த நினைப்பு வந்தபோது சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காரணம் நல்ல குணம் அல்ல. அவர் தோற்றுப்போனதாக இருக்காதே. என் கூழில் வழுக்கி விழுந்ததாகத்தானே இருக்கும்?

பக்கத்து அறைக்கு ஓடினேன். "அம்மணி, உங்க ஸ்லைடைக் கொடுங்க."

"அயோடின் போட்டீங்களா?"

"போட்டேன்."

"நீலமுங்களா?"

"ஆமா."

ஸ்லைடைக் கையில் எடுத்தார், ஆனால் நீட்டவில்லை. "தாரேனுங்க. ஆனா நீங்க பேசக் கூடாதுங்க. நாந்தான் பேசுவேன்."

தேவதையல்ல அவர். எனக்குத் தெரிந்த நல்ல விஞ்ஞானிகள் யாரும் தேவதைகள் அல்ல. சரியென்றேன்.

கமிஷனில் மூன்று பேர், அந்தப் பேராசிரியர்தான் முதல் ஆளாக வந்தார். குனிந்தார். சாந்தாமணி சொன்னது போலவே, வைத்த இடத்தில் பார்க்காமல் ஸ்லைடின் ஒரு மூலைக்குப் போய், அங்கிருந்து நிதானமாக, ஏர் உழுகிற மாதிரி மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். என் ஸ்லைடு அங்கே இருந்திருந்தால்!

"நன்னா வந்திருக்கு" என்று நிமிர்ந்தார். "இது ரெண்டும் எப்படிம்மா பிரியறது?"

தோல் வளர்ந்து தள்ளுகிறது என்று ஒரே வரியில் முடிக்கலாம். புத்தகத்தில் இருக்கிறது, மதிப்பெண் உண்டு.

"தெரியாதுங்க சார்" என்றார் சாந்தாமணி. "தோல்ல ஒட்டியிருக்குது, தோல் வளந்து தள்ளுதுன்னு புத்தகத்துல போட்டிருக்குதுங்க. ஆனா அப்படித் தள்ளறதை யாரும் பாக்கலைங்க. இந்த ஸ்லைடுல, சேந்திருந்ததும் தெரியுது, பிரிஞ்சு நின்னதும் தெரியுது. நடுவுல நடந்தது தெரியலைங்க."

தலைவர் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டார். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அந்தப் பெண்ணை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்தப் பார்வை என்னைச் சுட்டது. இத்தனை வருஷம் இரண்டு கையாலும் வரைந்து நான் வாங்காத பார்வை அது. தெரியாது என்று சொல்லி ஒருத்தர் வாங்கிவிட்டார். அந்தத் தெரியாது என்னிடமும்தான் இருந்தது, என்னிடம் இருந்தது இன்னும் பெரிசு.

"நீங்க சீனியர் இல்லையோ? நீங்க என்ன சொல்றேள்?" என்று என் பக்கம் திரும்பினார்.

பேசக்கூடாதென்பது ஒப்பந்தம். ஆனால் கேட்டால்? என் பின்னால் போர்டு, போர்டில் சாக்பீஸ். இரண்டு கையும் துடித்தது. அந்த நாடகத்தை ஆடியிருந்தால் மற்ற இரண்டு பேராவது கை தட்டியிருப்பார்கள். நான் அதைச் செய்யவில்லை. மேஜை டிராயரைத் திறந்து, நீலமாய்ப் போன என் ஸ்லைடை எடுத்து நீட்டினேன்.

"எப்படிப் பிரியுதுன்னு எனக்கும் தெரியாது சார். தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சு இன்னிக்குக் காலை வரைக்கும் இருந்தேன். இதைத்தான் கயிறுன்னு நெனச்சேன். ஜவ்வரிசி மேல வளத்தது சார். கூழு இழுபட்டிருக்குது."

தலைவர் திரைச்சீலைக்குள்ளேயே போய்விடுவார் போலிருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் என் நேர்மையைப் பாராட்டிவிட வேண்டாம். நேர்மையில் செய்ததல்ல. அந்த லேபில் அந்த அம்மணி ஒருத்தரே நேர்மையாக நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதிலும் ஒரு படி மேலே போகவேண்டியிருந்தது. பொறாமை என்னைக் கூழில் தள்ளியது, அதே பொறாமைதான் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியும் விட்டது. எதற்கும் இருக்கட்டுமென்று கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இரண்டாவது பாதி எல்லோருக்கும் வாய்க்காது. அயோடின் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காதவர் ஒரு சோதனை சொன்னால், அவர் ஏன் சொன்னார் என்று ஆராய்வதற்கு முன்னால் செய்துவிடுங்கள். ஆராய்ச்சிக்கு அப்புறம் ஆயுசு முழுக்க நேரம் இருக்கிறது, நான் அப்படித்தான் கழித்தேன்.

பேராசிரியர் என் ஸ்லைடையும் மூலையிலிருந்து உழுது பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. "இதை எறிஞ்சுடாதேள். பசங்களுக்கு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்கோ" என்றார். அப்புறம் ஜவ்வரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எத்தனை நேரம் கட்டி நின்றது என்று விசாரித்தார். அகர் வாங்க வழியில்லாத கல்லூரிகளுக்கு, மாவு தின்னாத பாக்டீரியாவாகப் பார்த்து வளர்த்தால் உபயோகப்படும் என்றார். நான் பாராட்டு வாங்கினேன், சமையலுக்கு.

எம்.எஸ்சி. கிடைத்தது. நல்ல மைக்ராஸ்கோப் இன்னொன்று வாங்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. சாந்தாமணியின் வேலை நிரந்தரமாயிற்று, பாக்டீரியாப் பாடம் அவர் பொறுப்புக்குப் போயிற்று. எனக்கு ஸ்டோர்ஸ் பொறுப்பு. அகர் டப்பாவின் சாவி கடைசியில் என்னிடம் வந்தது, தேவைப்படாத காலத்தில். குரோமோசோம் எப்படிப் பிரிகிறது என்பது இதை எழுதுகிற வரைக்கும் யாருக்கும் தீர்மானமாகத் தெரியவில்லை. தோல் தள்ளுகிறது என்கிற கதையிலும் இப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கிறார்களாம். உங்கள் காலத்தில் தெரிந்துவிடலாம். தெரிந்தால் எனக்குச் சொல்லி அனுப்பாதீர்கள், உங்கள்மேலும் பொறாமைப்பட எனக்குத் தெம்பில்லை.

ஒன்று மட்டும் மனசில் அரித்துக்கொண்டே இருந்தது. அன்று காலை கேசரி தின்றுகொண்டே நான் அனுபவித்த அந்தச் சந்தோஷம் நிஜமா? ஓய்வு பெற்ற அன்று பிரிவுபசார விழா முடிந்து, எல்லோரும் கலைந்தபிறகு, மாலையும் கழுத்துமாகச் சாந்தாமணியிடம் கேட்டேவிட்டேன்.

"அம்மணி, இனிமே மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. அன்னிக்கு என் ஸ்லைடுல கயிறைப் பாத்ததும் ஒரு நிமிஷமாவது உங்களுக்குப் பொறாமையா இருந்துச்சா இல்லையா?"

சாந்தாமணி நிஜமாகவே யோசித்தார். வெற்றிலையை மடக்கி வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"பொறாமையெல்லாம் இல்லீங்க சார். இருந்ததே ஒத்த லென்சு, அதுல கஞ்சியை அப்பிருவீங்களோன்னுதான் பக்கு பக்குன்னு இருந்துச்சுங்க."